மலையகத்தில் ஹேங் கிளைடர்: பறக்கப் பழகுவதும் பறப்பைப் படமெடுப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஹேங் கிளைடரில் பறக்கப் பழகியது அவுஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் கரையோரத்தில் வேலை பார்த்த ஆண்டுகளில். ஊருக்குத் திரும்பி ஊவாப் பக்கம் குடியிருக்கத் தொடங்கிய பிறகு, கேட்க வேண்டிய இடங்களில் கேட்டு அனுமதி பெற்று, பண்டாரவளைக்கு அருகிலுள்ள ஒரு புல்மலைச் சரிவில் சிறிய பறப்புகளைச் செய்துவருகிறேன். அவற்றின் படங்களைப் பார்த்த இளைஞர்கள், பெரும்பாலும் அப்புத்தளை, ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள், தொலைபேசியிலும் நேரிலும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பாதிப் பேர் பறப்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். மீதிப் பேர் கமராவைப் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்ல முயன்று முடியாமற்போனதால் கலந்தே சொல்கிறேன்.

ஹேங் கிளைடரும் பரகிளைடரும் ஒன்றுதானா?

இல்லை. பரகிளைடருக்குக் குழாய்ச் சட்டம் கிடையாது. துணிக்குள் நிறையும் காற்றே அதற்குச் சிறகின் வடிவத்தைத் தருகிறது, பறப்பவர் மெல்லிய கயிறுகளிலிருந்து தொங்கும் இருக்கையில் உட்கார்ந்திருப்பார், இறங்கியதும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடலாம். ஹேங் கிளைடருக்கு அலுமினியக் குழாய்ச் சட்டமும் அதன்மேல் இழுத்துப் பூட்டிய டாக்ரன் துணியும் உண்டு. பறப்பவர் நடுக்குழாயிலிருந்து குப்புறத் தொங்கியபடி, முன்னாலுள்ள முக்கோணச் சட்டத்தின் அடித்தண்டைப் பிடித்திருப்பார். அந்தத் தண்டைப் பயிற்சிக் களத்தில் எல்லோரும் ‘பார்’ என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். பழகுநருக்கான கிளைடர் 20 முதல் 25 கிலோ வரை எடை இருக்கும். மடித்தாலும் ஐந்தாறு மீற்றர் நீளக் குழாய்க் கட்டாகவே கிடக்கும். அதை முச்சக்கரவண்டியின் கூரையில் கட்டிக்கொண்டு அப்புத்தளையிலிருந்து தம்பேதென்னைக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். அந்தப் பாதையின் வளைவுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் அவருக்கே விடை தெரிந்துவிடும்.

இப்படிப் பறக்க முடியும் என்று முதலில் காட்டியவர் யார்?

ஜேர்மனியரான ஒட்டோ லிலியந்தால் 1891 முதல் 1896 வரை, தாமே செய்த சிறகுகளில் ஏறத்தாழ 2000 முறை சறுக்கிப் பறந்தார். உடலை அசைத்து, எடையை இடம் மாற்றியே சிறகை அவர் ஆண்டார். இன்றைய முறைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. பெர்லினுக்கு அருகே தகுந்த மலை கிடைக்காத குறைக்காக 15 மீற்றர் உயரத்தில் ஒரு மண்மேட்டையே அவர் எழுப்பிக்கொண்டார் என்று சொன்னால் நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 1896 ஆகஸ்ட்டில் பறக்கும்போது விழுந்து, மறுநாள் இறந்தார். பின்னர் அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் ரொகல்லோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1948இல் வளைந்துகொடுக்கும் துணிச் சிறகொன்றை உருவாக்கினர். 1963இல் அவுஸ்திரேலியாவின் கிராஃப்டன் நகரில் ஜோன் டிக்கன்சன் அத்தகைய சிறகுடன் முக்கோணக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைச் சேர்த்தபோது நாம் இன்று காணும் வடிவம் பிறந்தது.

லிலியந்தாலின் பெயர் கடல் கடந்து பரவியதில் ஒட்டோமார் அன்ஷூட்ஸ் போன்றோர் எடுத்த நிழற்படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. படமெடுத்தவர்கள் எல்லோரும் தரையில்தான் நின்றார்கள். கமராவைப் பற்றிய கேள்விகளுக்கு வரும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

பழக எத்தனை நாள் ஆகும்? முதல் நாளில் என்ன செய்வார்கள்?

நல்ல காற்று வாய்த்தால், ஐந்து முதல் பத்து நாட்களில் ஒருவர் சிறிய சரிவிலிருந்து தனியாகப் புறப்பட்டு, நேராகப் பறந்து, காலூன்றி இறங்கக் கற்றுக்கொள்ளலாம். முதல் நாளில் பறப்பே இருக்காது. சமதரையில் கிளைடரைத் தோளில் ஏந்தி, மூக்கை அளவான சாய்வில் வைத்து, சிறகு இரண்டும் மட்டமாக இருக்க ஓடுவதுதான் பாடம். பிறகு பத்துப் பதினைந்து மீற்றர் உயரமுள்ள சரிவு. அங்கே கால் தரையை விட்டு இரண்டு மூன்று வினாடிகள் எழும்பினாலே அன்றிரவு தூக்கம் வராது.

பாரைத் தன்னை நோக்கி இழுத்தால் உடல் முன்னே போகும், மூக்குத் தாழும், வேகம் கூடும். தள்ளினால் வேகம் குறையும். மிகையாகத் தள்ளினால் சிறகு காற்றின் பிடியை இழந்து விழத் தொடங்கும். இடப்பக்கம் திரும்ப உடலை இடப்பக்கம் நகர்த்த வேண்டும். சொல்லிவிட ஒரு நிமிடம் போதும். ஆனால் அச்சம் வந்தவுடன் மனிதக் கை எதையும் தன்னிடமிருந்து தள்ளவே பார்க்கும் என்பதால், தள்ளக் கூடாத நேரத்தில் தள்ளாமலிருக்கப் பழகுவதற்கே நாட்கள் பிடிக்கின்றன. கண்ணுக்கும் இதே சிக்கல் உண்டு. பழகுநர் எதைப் பார்க்கிறாரோ அதை நோக்கியே பறப்பார்; ஒற்றை மரம் நிற்கும் மைதானத்தில் அந்த மரத்தையே போய் முட்டுவார்.

வெளிநாட்டுப் பள்ளியொன்றில் முறையாகப் பழகி, தேர்ச்சிநிலையைக் காட்டும் ஐபிபிஐ எனும் பன்னாட்டு அட்டையோடு திரும்புவதே நான் எல்லோருக்கும் சொல்லும் வழி. அந்த அட்டை உங்கள் நிலையைப் பிற நாட்டுக் களங்களிலும் விளக்கிவிடும்.

காணொளிகளைப் பார்த்து நானே பழகலாமா?

கூடாது. 1970களில் தாமே கட்டித் தாமே பழகியவர்களில் பலர் இறந்தார்கள். அந்தக் கணக்கில் நம் ஊர்ப் பெயர் ஒன்று சேர வேண்டியதில்லை.

மலையகத்தில் பறக்க ஏற்ற இடம் எது?

மலை இருக்கும் இடமெல்லாம் பறக்கும் இடமாகாது. மூன்று பொருத்தங்கள் வேண்டும்: காற்று சரிவின் முகத்தில் நேராக வந்து மோத வேண்டும், ஓடுவதற்குத் தடையில்லாத புல்தரை வேண்டும், கீழே இறங்குவதற்குத் திறந்தவெளி வேண்டும். நம் மலைகளில் முதலிரண்டும் கிடைக்கும். மூன்றாவதுதான் அரிது.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வட்டவளை, ஹட்டன் பக்கத்து மேற்குச் சரிவுகளில் மோதி, அங்கே மழையைக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்குகிறது. அப்போது நுவரெலியாவில் தூறல் விழ, பண்டாரவளையில் வானம் கண்ணாடிபோல் இருக்கும். இதே காற்று இன்னும் கீழிறங்கி, உலர்ந்து சூடேறி மட்டக்களப்பை அடையும்போதுதான் அதைக் கச்சான் என்கிறார்கள். வானம் தெளிவாக இருக்கிறதே என்று ஜூலை மாதத்தில் ஊவாச் சரிவொன்றில் கிளைடரைப் பூட்டுவது பெரும் பிழை. முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று, பாறையைத் தாண்டும் ஆற்றுநீர்போல் சுழித்துக்கொண்டு வரும். ஆற்றில் அந்தச் சுழியைக் கண்ணால் பார்க்கலாம், காற்றில் பார்க்க முடியாது. சவுக்கு மரங்களின் உச்சி ஒரு திசைக்கும் கீழேயுள்ள மானாப்புல் வேறு திசைக்கும் சாய்ந்தால், அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

அப்புத்தளையின் தெற்குச் சரிவு பார்ப்பவர் நெஞ்சை அள்ளும். காலையில் வெல்லவாயத் தாழ்நிலம் சூடேற, காற்று மெல்ல மேலேறி வரும். சில நாட்களில் அது பறப்பதற்கென்றே அளந்து விட்டதுபோல் இருக்கும். ஆனால் அதே காற்று மூடுபனியையும் தூக்கிக்கொண்டு வருகிறது. பத்து மணிக்குத் தெரிந்த பள்ளத்தாக்கு பத்தேகாலுக்கு வெள்ளைச் சுவராகிவிடும், முகிலுக்குள் மாட்டிக்கொண்டவருக்கு மேல் எது கீழ் எது என்றே தெரியாது. மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால், நண்பகலுக்கு முன் கிளைடரை மடித்துவிடுவது என் வழக்கம்.

ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்துப் பள்ளம் என்பதால் எல்லோருக்கும் ஆசை வருகிறது. அது 1988 முதல் தேசியப் பூங்கா. அந்த ஆசையை அங்கேயே விட்டுவிடலாம். பிதுருதலாகலை உச்சியும் தியத்தலாவைச் சுற்றுப்புறமும் படையினர் இருக்கும் இடங்கள். வேறெந்த இடமானாலும் வான்வெளிக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடமும், நிலத்துக்குத் தோட்ட நிருவாகத்திடமோ உரிய திணைக்களத்திடமோ எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிப் போய், துரை மாறிய பிறகு கேற்றிலிருந்தே திரும்பி வந்த அனுபவம் எனக்கு உண்டு.

கரையோரத்தில் பழகியவர் இங்கே வந்து பறந்தால் வேறுபாடு தெரியுமா?

கால்களில் தெரியும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே எடையைத் தூக்கச் சிறகுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல் வேகம் தேவைப்படுகிறது. கடற்கரையில் மணிக்கு 30 கிலோமீற்றரில் எழும்பிய கிளைடர் இங்கே 33இல்தான் எழும்பும், இறங்கும்போதும் அந்த வேகத்தோடேயே தரையை நோக்கி வரும். மூன்று கிலோமீற்றர்தானே என்று தோன்றும். எதிர்க்காற்று இல்லாத காலையில், 25 கிலோவைத் தோளில் வைத்து ஓடிப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

தேயிலை மலையில் இறங்கலாமா? மேலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம்போல் இருக்கிறதே?

மேலிருந்து அப்படித்தான் தெரியும். கொழுந்து பறிக்கும் மட்டம் இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது, அதற்குக் கீழே விறகுபோல் விறைத்த கிளைகள். பார் அந்தக் கிளைகளில் மாட்டினால் கிளைடர் மூக்குக்குத்த நின்றுவிடும், பறப்பவரோ நிற்காமல் முன்னே போவார். கவ்வாத்து வெட்டிய மலை இன்னும் மோசம். அங்கே கூர்ந்த கட்டைகள் நிரையாக மேல்நோக்கி நிற்கின்றன. நிரைகளுக்கு ஊடே கான்கள், அதாவது மழைநீர் வடியும் வாய்க்கால்கள். கான்களில் கால் வைத்துக் கணுக்கால் பிசகியவர்கள் கொழுந்து பறிப்பவர்களிலேயே உண்டு, அதுவும் பார்த்து நடக்கும்போது. லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கிடையே தொங்கும் மின்கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. கம்பியைத் தேடாமல் தூண்களைத் தேடி, இரண்டு தூண்களுக்கிடையே கம்பி இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

ஆகவே எங்கே இறங்குவது என்பதை மேலே ஏறுவதற்கு முன் நடந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். கணக்கு எளிது. பழகுநர் கிளைடர் ஒரு மீற்றர் இறங்குவதற்குள் எட்டு மீற்றர் முன்னே போகுமென்றால், 100 மீற்றர் உயரத்திலிருந்து 800 மீற்றர் எட்டலாம். ஆனால் மணிக்கு 40 கிலோமீற்றரில் பறக்கும்போது 20 கிலோமீற்றர் எதிர்க்காற்று வீசினால் எட்டும் தொலைவு 400 மீற்றர்தான். தோட்டத்து மைதானம் 500 மீற்றர் தள்ளி இருந்தால் நீங்கள் இறங்கப்போவது தேயிலையில்.

வேறு வழியே இல்லாமல் தேயிலையில் இறங்க நேர்ந்தால், செடியின் மேல்மட்டத்தையே தரை என்று எண்ணி, அந்த உயரத்தில் பாரை முழுமூச்சாக மேலே தள்ளிக் கிளைடரை நிறுத்த வேண்டும். சரிவின் கீழ்நோக்கி ஒருபோதும் இறங்க முயலக் கூடாது. நீங்கள் இறங்க இறங்க மலையும் கூடவே இறங்கிக்கொண்டிருக்கும், கால் எட்டாது.

‘ஹேங் செக்’ என்றால் என்ன? ஏன் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள்?

பறப்பவர் அணியும் பட்டைக் கச்சையான ஹார்னஸின் கொக்கியை, அதாவது கரபினரை, கிளைடரின் தொங்குபட்டையில் கோத்த பிறகு, உதவியாளர் மூக்கைப் பிடித்திருக்க, பறப்பவர் முழு எடையோடும் ஒருமுறை தொங்கிப் பார்ப்பதே ஹேங் செக். பட்டை தாங்குகிறதா, கால்வளையங்கள் பூட்டியிருக்கின்றனவா, பாருக்கும் நெஞ்சுக்கும் இடைவெளி சரியா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். அரை நிமிட வேலை. கோக்காமல் ஓடியவர்கள் பழகுநர்கள் மட்டுமல்லர், பல ஆண்டு அனுபவசாலிகளும் இருந்திருக்கிறார்கள்.

2018இல் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகன் அருகே, இருவர் பறக்கும் கிளைடரில் முதன்முறை ஏறிய சுற்றுலாப் பயணி ஒருவரைக் கிளைடருடன் கோக்க மறந்துவிட்டார்கள். அவர் 2 நிமிடம் 14 வினாடி கைகளாலேயே தொங்கி, தரையை ஒட்டிய உயரத்தில் கையை விட்டு விழுந்து, மணிக்கட்டு முறிவோடு உயிர்தப்பினார். கிளைடரில் பொருத்தியிருந்த கமரா புறப்பாட்டிலிருந்து முடிவுவரை எல்லாவற்றையும் பதிந்திருந்தது. நான் பழக வருபவர்களுக்கு அந்தப் படத்தின் முதல் ஐந்து வினாடிகளை மட்டும் நிறுத்தி நிறுத்திக் காட்டுவேன். கமரா ஓடிக்கொண்டிருந்தது, கொக்கி கோக்கப்படாமல் இருந்தது, அதை அங்கே எவரும் பார்க்கவில்லை.

என் முதற்பறப்பையே படமெடுக்க விரும்புகிறேன். கமராவைக் கிளைடரில் பொருத்தலாமா?

தரையிலிருந்து நண்பர் எடுக்கட்டும். கிளைடரில் வேண்டாம். காற்றின் வேகம், மூக்கின் சாய்வு, கால், கை, கண் என்று ஐந்து காரியங்களில் மனத்தை வைக்க வேண்டியவருக்கு ஆறாவதாக ஒன்றைக் கொடுக்கக் கூடாது.

என் கதையையே சொல்கிறேன். நாற்பது ஐம்பது பறப்புகள் முடிந்த தைரியத்தில், வலது சிறகின் நுனிப்பக்கம் ஒரு கமராவையும் நடுக்குழாயின் பின்முனையில் இன்னொன்றையும் பொருத்திக்கொண்டு புறப்பட்டேன். ஓடும்போது இடச் சிறகு தாழ்ந்தது. வலக்கால் புல்லில் உரசிக்கொண்டே போய் எப்படியோ எழும்பினேன். காற்றுத்தான் ஏதோ செய்துவிட்டது என்று அன்று மாலைவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இரவில் பின் கமராவின் படத்தைப் போட்டுப் பார்த்தபோது, இரண்டாவது எட்டில் என் தலைக்கவசம் வலப்பக்கம் திரும்புகிறது. சிறகு நுனியிலுள்ள கமராவின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்ததே எனக்கு நினைவில்லை. தலை திரும்ப, தோள் திரும்ப, எடை ஒருபக்கம் சாய்ந்து சிறகு தாழ்ந்திருக்கிறது. காற்றில் ஒரு குறையும் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வரிசைதான்: முதலில் கமராவை ஓடவிடுவது, பிறகு கொக்கி, பிறகு ஹேங் செக், அதன்பின் கமரா இருக்கும் திசையையே பார்க்காமலிருப்பது. அது நடுவில் நின்றுவிட்டால் நின்றுவிடட்டும்.

தரையிலிருந்து எடுப்பவர் எங்கே நிற்க வேண்டும்?

புறப்பாட்டை எடுப்பவர் பக்கவாட்டில், கிளைடரின் மட்டத்திலேயே நிற்க வேண்டும். மூக்கின் சாய்வு அங்கிருந்துதான் தெரியும். முன்னால் நின்று முகத்தை எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அது வேண்டாம். இறங்குவதை எடுப்பவர் இறங்கும் புள்ளியிலிருந்து முப்பது நாற்பது மீற்றர் ஒதுங்கி நிற்க வேண்டும். பழகுநர் பார்க்கும் இடத்துக்கே பறப்பார் என்றேன் அல்லவா? பரந்த மைதானத்தில் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்து நிற்கும் நண்பனைவிடக் கண்ணை இழுக்கும் பொருள் வேறில்லை. கொக்கி கோத்த நொடியிலிருந்து கால் தரையை விடும்வரை படமெடுப்பவர் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் சரிவில் கட்டளை. ‘ரெடியா மச்சான்?’ என்ற ஒரு சொல் போதும், சரிபார்த்துக்கொண்டிருந்தவர் பாதியில் விட்டுவிட்டு ‘ரெடி’ என்று சொல்லிவிடுவார்.

அனுபவம் வந்த பிறகு கிளைடரில் எங்கெங்கே பொருத்தலாம்?

நடுக்குழாயின் பின்முனை எனக்குப் பிடித்த இடம். பறப்பவரின் முதுகு, இரு சிறகுகள், தொடுவானம் மூன்றும் ஒரே சட்டத்தில் கிடைக்கும். எடை நடுக்கோட்டில் இருப்பதால் திருப்பத்தைத் தொந்தரவு செய்யாது. ஆனால் பின்பாரம் கூடும் என்பதால் கம்பு நீளமாக இருக்கக் கூடாது. பாரில் பொருத்தினால் முகம் தெரியும். முகத்தின் அச்சமும் தெரியும். இறங்கும்போது முதலில் மண்ணில் மோதுவதும் அந்தக் கமராதான்.

சிறகு நுனியில் பொருத்தினால் கிளைடர் ஒருபக்கம் இழுக்குமே என்று பலர் அஞ்சுகிறார்கள். கணக்குப் போடுங்கள்: 150 கிராம் கமரா நடுவிலிருந்து 4 மீற்றர் தள்ளி இருந்தால், 70 கிலோ எடையுள்ளவர் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவாக உடலை நகர்த்தினாலே அது சரியாகிவிடும். எடை பெரிய காரியமே இல்லை. அஞ்ச வேண்டியவை வேறு. இறுக்கும் கவ்வி முன்விளிம்புக் குழாயைக் கீறினாலோ நசுக்கினாலோ அந்த இடத்தில் அலுமினியம் பலவீனப்படும். துருத்திக்கொண்டு நிற்கும் கம்பு, ஆபத்தில் எறியும் அவசரப் பரசூட்டின் கயிற்றைப் பிடித்துக்கொள்ளக்கூடும். தலைக்கவசத்தின் உச்சியில் ஒட்டும் கமராவும் அப்படித்தான், கயிறு மாட்டினால் இழுபடுவது உங்கள் கழுத்து. எங்கே பொருத்தினாலும் ஒரு சிறு பாதுகாப்புக் கயிறு தேவை. கீழே கொழுந்து பறிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கமராவில் என்ன அமைப்புகளை வைப்பது?

பாடத்துக்காக எடுப்பதென்றால் வினாடிக்கு 60 படச்சட்டங்கள் (ஃபிரேம்) வையுங்கள், இறங்கும் கணத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்க வசதி. மூடுபனி நாட்களில் கமரா தானாக ஒளியை அளந்தால் பனி சாம்பலாகும் அல்லது பறப்பவர் கரிக்கட்டையாவார், எனவே ஒளியளவைச் சிறிது கூட்டிப் பூட்டிவிடுவது நல்லது. கண்ணாடியில் நீர்த்துளி படிவது நம் மலைகளின் தீராத தலைவலி. கமராவைச் சட்டைப் பைக்குள் உடற்சூட்டில் வைத்திருந்து திடீரென்று குளிர்காற்றில் எடுத்தால் உட்பக்கமே வியர்த்துவிடும். அரைமணி முன்னதாக வெளியே வைத்துவிடுங்கள்.

ஒலியை அழித்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழகுநருக்கு அந்தக் காற்றொலி பாடப்புத்தகம். வேகம் கூடக் கூடக் கம்பிகளில் இரைச்சல் கூடும், சிறகு பிடியிழக்கும் முன் ஒரு கணம் எல்லாம் அமைதியாகும். வெளியிடும் பிரதியில் பாட்டு இருக்கட்டும். உங்களுக்கென்று வைத்திருக்கும் பிரதியில் காற்று இருக்கட்டும்.

ட்ரோனால் எடுக்கலாமா?

சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் பதிவும் அனுமதியும் இல்லாமல் கூடாது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு சில காலம் ட்ரோன் பறப்பு முற்றாகவே நிறுத்தப்பட்டிருந்த நாடு இது, கேள்வி கேட்பார்கள். அனுமதி இருந்தாலும் கிளைடருக்கு அருகே கொண்டுபோகாதீர்கள், சுழலும் இறக்கை துணியைக் கிழித்துவிடும். தோட்டங்களில் இன்னொரு காரணமும் உண்டு. மரங்களிலும் பாறை இடுக்குகளிலும் குளவிக் கூடுகள் இருக்கின்றன. குளவிக் கொட்டுக்கு இலக்காகி மலையிலிருந்து மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படும் தொழிலாளர்களைப் பற்றி நாம் அடிக்கடி செய்தி படிக்கிறோம். கூட்டைக் கலைத்தது உங்கள் ட்ரோன் என்றால் கொட்டு வாங்குவது கீழே நிற்பவர்கள்.

விபத்து பதிவாகிவிட்டால் அந்தப் படத்தை என்ன செய்வது?

வைத்திருங்கள், விசாரிப்பவர்களிடம் கொடுங்கள். 2012இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பயணி ஒருவர் கிளைடரிலிருந்து விழுந்து இறந்தபோது, அவரை ஏற்றிச் சென்ற ஓட்டி கமராவின் மெமரி காட்டை விழுங்கிவிட்டார். காவல்துறை காத்திருந்து அதைப் பெற்றுக்கொண்டது. கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக 2014இல் அவருக்கு ஐந்து மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அங்கும் பயணி கிளைடருடன் சரியாக இணைக்கப்பட்டிருக்கவில்லை.

கிளைடர் மழையில் நனைந்தால்?

விரித்து நிழலில் காயவைக்க வேண்டும். மடித்து வைத்தால் நம் ஈரக்காற்றில் ஒரு வாரத்தில் துணியில் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலிலேயே கிடந்தாலும் துணி உளுத்துப்போகும். பழைய கிளைடர் வாங்குபவர்கள் துணியின் நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் தையலையும் பக்கக் கம்பிகளின் முனைகளையும் அறிந்தவர் ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள்.

மேலிருந்து எடுக்கும் படத்தில் தோட்டத்து மக்களும் லயங்களும் வந்துவிடுகின்றன. அது சரியா?

கேட்டுக்கொள்ள வேண்டும். முகம் தெரியும்படி வந்தால் அவர்களின் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதில்லை. குளிக்கும் பீலிப் பக்கம் வந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுவேன். எடுத்ததை அவர்களுக்குக் காட்டுவதும் ஒரு கடமை என்றே நினைக்கிறேன்.

நான் முதன்முதலில் கிளைடரைப் பூட்டிக்கொண்டிருந்த அன்று, கொழுந்துக் கூடையோடு வந்த வயதான அம்மா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, இது நம்ம மலையில விழுந்துச்சுன்னா தேயிலைக்கு யாரு காசு குடுப்பா?” என்று கேட்டார். நான்தான் கொடுப்பேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அன்றைய பறப்பு அவர்களின் லயத்துக்கு மேலாகப் போயிருந்ததால், மாலையில் கைத்தொலைபேசியில் படத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சிறகையோ தொடுவானத்தையோ அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், “நிப்பாட்டு, நிப்பாட்டு” என்றார். பிறகு உள்ளே பார்த்து மகனைக் கூப்பிட்டார்: “டேய், நம்ம தகரத்து மேல வச்ச கல்லுல ஒண்ணக் காணோம் பாரு.” காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்கக் கூரையில் வரிசையாக வைத்திருந்த கற்களில் மூன்றாவது இடம் வெறுமையாக இருந்தது. இருட்டுவதற்குள் மகன் ஏணியைத் தேடிக்கொண்டு போனான்.